இணை, கிளை, நட்பு, பகை: பங்க் இசைக்குழுக்களின் உறவுமுறையும் கீழ்க்கரையின் இசை வரலாறும்

1

ஓர் இசைக்குழுவை விரும்பிக் கேட்கும் இளைஞன் அதனை ஒத்த பிறிதொரு குழுவை எவ்வாறு கண்டடைகின்றான்? மேலோட்டமாக நோக்குமிடத்து இது பொழுதுபோக்குச் சார்ந்த சிறு வினாவாகவே தோன்றும். ஆயின், ஒத்தது எது, ஒவ்வாதது எது எனத் தீர்மானிக்கும் அளவுகோலை யார் கையில் வைத்திருக்கின்றார் என்று அடுத்துக் கேட்போமாயின், அது சமூக வரலாற்றுக்குரிய வினாவாகிவிடும். 1976ஆம் ஆண்டளவில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த பங்க் இசையையும், அதன் வழித்தோன்றலான போஸ்ற் ஹாட்கோர் எனப்படும் பரிசோதனை இசையையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதும், அவ்வாராய்ச்சி திருக்கோவில் முதல் கல்முனை வரையிலான நமது கீழ்க்கரையின் இசை வரலாற்றை எழுதுவதற்கு எவ்வகையிற் பயன்படும் எனக் காண்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்கு வேண்டிய கலைச்சொற்களை நாம் வெளியே தேடவேண்டியதில்லை. கல்முனைக்குத் தெற்கே காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892 – 1947), வழக்கொழிந்த யாழ்க்கருவியைச் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் கொண்டு மீட்டுருவாக்க முயன்றார். அம்முயற்சியின் பயனே 1947இல் வெளிவந்த 'யாழ் நூல்' ஆகும். பழந்தமிழ் இசையாசிரியர் ஒரு நரம்புக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பை இணை, கிளை, நட்பு, பகை என நான்காக வகுத்தனர். இவ்வகுப்பிற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நரம்பு தனித்துநின்று இணையாவதுமில்லை, பகையாவதுமில்லை. எதனைக் குரலாகக் கொண்டு எண்ணத் தொடங்குகின்றோமோ அதனைப் பொறுத்தே ஏனையவற்றின் உறவு அமைகின்றது. குரலை மாற்றினால் நேற்றைய பகை இன்றைய நட்பாகலாம். ஒப்புமை என்பது பொருள்களின் இயல்பு மட்டுமன்று, நோக்குபவனின் நிலைக்களனையும் பொறுத்தது என்னும் இவ்வுண்மையை முன்னிறுத்திக்கொண்டு பங்க் இசையின் வரலாற்றுக்குட் புகுவோம்.

2

பங்க் இசையை விரைவு, உரத்த ஒலி, எளிய சுரக்கோவை என்னும் மூன்று பண்புகளால் வரையறுப்பது பொதுவழக்கு. இவ்வரையறை பிழையன்று, ஆனால் போதியதன்று. அவ்விசையின் திருப்புமுனை ஒலியில் நிகழ்ந்ததைவிட உற்பத்திமுறையில் நிகழ்ந்தது எனல் பொருந்தும். மான்செஸ்ரரைச் சேர்ந்த பஸ்கொக்ஸ் என்னும் குழுவினர் நண்பரிடமும் குடும்பத்தினரிடமும் கடன்பெற்று, 1976ஆம் ஆண்டு டிசம்பரில் ஒலிப்பதிவு செய்து, 1977ஆம் ஆண்டு ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்கிரச்' என்னும் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். எப்பாடல் எத்தனையாவது முயற்சியிற் பதிவாயிற்று என்பதும் அதன் உறையில் அச்சிடப்பட்டிருந்தது. 1978இல் ஸ்கிரிற்றி பொலிற்றி என்ற குழு இன்னும் ஒருபடி மேலே சென்றது. ஒலிப்பதிவு, தட்டு வார்ப்பு, அச்சு ஆகியவற்றுக்கு ஆன செலவைக் கணக்காகவே தனது உறையில் அக்குழு வெளியிட்டது. இத்தாலிய மார்க்சியரான கிராம்சியின் அரசியல் எழுத்துக்களை நினைவூட்டும் வகையில் அது தன் பெயரை அமைத்துக்கொண்டமை தற்செயலானதன்று. பண்டத்தை மூடியிருந்த திரையை விலக்கி, அதனுள் அடங்கிய உழைப்பையும் செலவையும் கேட்பவனுக்குக் காட்டுதலே இவர்களின் நோக்கமாயிருந்தது. கேட்பவன் அவ்வறிவைக் கொண்டு நாளை தானே ஓர் இசைத்தட்டை ஆக்கலாம்.

அமெரிக்காவில் இப்போக்கு மேலும் இறுக்கமான வடிவம் பெற்றது. வொஷிங்டன் நகரில் இயன் மக்கேயும் ஜெவ் நெல்சனும் தம் தோழருடன் சேர்ந்து 1980இல் டிஸ்கோர்ட் என்னும் சிறு வெளியீட்டகத்தை நிறுவினர். தம் நகரத்துக் குழுக்களைப் பதிவுசெய்து வைத்தலே அதன் பணியாயிற்று. பங்க் இசையைவிட விரைவும் சினமும் மிக்க ஹாட்கோர் இசை அங்கு வளர்ந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அது தன் இலக்கணத்துக்குள் தானே சிறைப்பட்டது. விரைவே விதியாகவும், முரட்டுத்தனமே அடையாளமாகவும் மாறின. இவ்விறுக்கத்தை உள்ளிருந்தே உடைத்தவர்களின் இசையே பின்னர் போஸ்ற் ஹாட்கோர் எனப் பெயர்பெற்றது. ஹாட்கோருக்குப் பிற்பட்டது என்பதே இதன் சொற்பொருள். மினியாப்பொலிஸ் பகுதியின் ஹஸ்கர் டூ, கலிபோர்ணியாவின் துறைமுக ஊரான சான் பெட்ரோவைச் சேர்ந்த மினிற்மென் ஆகிய குழுக்கள் 1984இல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டுக்களும், 1984 – 1986 காலத்தில் இயங்கிய றைற்ஸ் ஒவ் ஸ்பிறிங் குழுவின் பாடல்களும் இம்மாற்றத்தின் தொடக்கச் சான்றுகள். மக்கேயின் மைனர் திறெற் குழு 1983இற் கலைந்தது. பின்னர் அவரும் ஜோ லலியும், றைற்ஸ் ஒவ் ஸ்பிறிங் குழுவிலிருந்த கை பிச்சோற்றோ, பிரெண்டன் கான்ரி ஆகியோரும் ஒன்றுசேர்ந்து அமைத்ததே 1987இல் மேடையேறிய வுகாசி என்னும் குழு.

வுகாசி 2002வரை இயங்கியது. நுழைவுக்கட்டணத்தை ஐந்து டொலர் அளவில் வைத்திருத்தல், எவ்வயதினரையும் அனுமதித்தல், தம் பெயர் பொறித்த சட்டை முதலிய பொருள்களை விற்காதிருத்தல் என்பவற்றை அக்குழுவினர் நெறியாகக் கொண்டனர். யமேக்காவின் றெகே இசையிலிருந்து பெற்ற பேஸ் கித்தார் நடையும், எழுச்சியும் அடக்கமும் மாறிமாறி வரும் அமைப்பும், இரு கித்தார்கள் ஒன்றையொன்று மறித்து உரையாடும் முறையும் அவர்களின் இசைக்கு உரியன. ஒலியின் கட்டுப்பாடும் வாணிகத்தின் கட்டுப்பாடும் இங்கே ஒரே மனப்பாங்கின் இரு வெளிப்பாடுகளாகின்றன.

எனினும் உற்பத்திமுறையை மட்டுமே அளவுகோலாகக் கொள்ளுதலும் இயந்திரப்பாங்கான முடிவுக்கே இட்டுச் செல்லும். லீட்ஸ் நகரத்துக் காங் ஒவ் வோர் என்னும் குழு பண்டமாக்கப்பட்ட வாழ்க்கையைக் கூர்மையாக விமர்சித்தது. அதன் முதல் நீள்தட்டை 1979இல் வெளியிட்டதோ ஈ.எம்.ஐ. என்னும் பெருநிறுவனம். சிறு வெளியீட்டகத்தில் வளர்ந்த ஹஸ்கர் டூவும் 1986இல் வார்ணர் நிறுவனத்தின் வழியே தன் இசைத்தட்டை வெளியிட்டது. உள்ளடக்கமும் உடைமையும் எப்போதும் ஒரே திசையிற் செல்வதில்லை. இம்முரண்பாட்டை மறைக்காமற் பதிவுசெய்வது வரலாற்றாசிரியனின் கடமையாகும்.

3

இக்குழுக்களை அக்காலத்து இளைஞர் எவ்வாறு அறிந்துகொண்டனர்? பெருவணிக வானொலிகள் இவர்களைப் பெரும்பாலும் ஒலிபரப்பவில்லை. பி.பி.சி.யின் ஜோன் பீல் போன்ற ஒருசிலரே விதிவிலக்கு. எனவே கேட்பவர்கள் தாமே வழிகளை அமைத்தனர். 1976இல் இலண்டனில் மார்க் பெரி தொடங்கிய 'ஸ்னிவ்வின் குளூ' போன்ற பிரதியெடுக்கப்பட்ட சிற்றிதழ்கள், கலிபோர்ணியாவில் 1982 முதல் வந்த 'மக்சிமம் றொக்கன்றோல்' என்னும் இதழ், தபால்வழி வந்த வெளியீட்டகப் பட்டியல், இசைத்தட்டின் உறையில் இடம்பெற்ற நன்றிப் பெயர்கள், பயணம் வந்த குழுவை வீட்டில் தங்கவைத்த அன்பரின் பரிந்துரை ஆகியனவே அவ்வழிகள். இவற்றுக்குப் பொதுவான பண்பு ஒன்றுண்டு. ஒரு பெயரிலிருந்து மற்றொரு பெயருக்குச் சென்ற ஒவ்வொரு பாதையும் உண்மையாக நிகழ்ந்த ஓர் உறவின் பதிவாகும். இன்ன குழு இன்ன குழுவுடன் மேடையைப் பகிர்ந்தது. இன்னார் இன்னாருக்கு மேளத்தைக் கடன் கொடுத்தார். இருவரும் ஒரே அறையிற் பதிவுசெய்தனர். பழைய கலைச்சொல்லில் இதனைக் கிளை எனலாம். மைனர் திறெற், றைற்ஸ் ஒவ் ஸ்பிறிங், வுகாசி என்னும் வரிசை கேள்வியால் மட்டும் அறியப்படுவதன்று. ஆள்வழித் தொடர்பால் உறுதிப்படுவது.

இன்று நிலைமை வேறு. கைத்தொலைபேசியிற் பாடல் கேட்கும் இளைஞனுக்கு, ஒத்த குழுக்கள் இவை என்ற பட்டியலை இசைச்சேவை நிறுவனங்களின் கணினிகள் கேளாமலே வழங்குகின்றன. இப்பட்டியல் பெரும்பாலும் இருவகைத் தரவுகளால் அமைகின்றது. இக்குழுவைக் கேட்டவர் வேறு எவற்றைக் கேட்டனர் என்னும் கணக்கு ஒன்று. வேகம், சுருதி, ஒலியடர்த்தி முதலியவற்றின் அளவீடு மற்றொன்று. இதன் பயனை மறுப்பதற்கில்லை. நூல்நிலையமோ இசைத்தட்டுக் கடையோ அருகில் இல்லாத கரையோர ஊரில் இருந்துகொண்டே ஒருவன் சுவீடனின் றிவ்யூஸ்ட் குழுவையும் ரெக்சாசின் எல்லை நகரான எல் பாசோவிலிருந்து வந்த அற் த டிறைவ் இன் குழுவையும் ஒரே மாலையிற் கேட்க முடிகின்றது. முந்திய தலைமுறைக்கு இது கிட்டாத வாய்ப்பு.

ஆயினும் இரு குறைகளைச் சுட்டவேண்டும். முதலாவது, கணக்கு என்பது ஏற்கெனவே கேட்கப்பட்டவற்றின் கணக்கே. பதிவு பெறாத இசைக்கும், பதிவு பெற்றும் சேவைக்குள் ஏறாத இசைக்கும் அங்கு இடமில்லை. செல்வமும் விநியோக வசதியும் உடையோரின் இசை மேலும் கேட்கப்படும். இல்லாதது மேலும் மறையும். இரண்டாவது, அப்பட்டியல் உறவைக் கூறுகின்றதேயன்றி, உறவின் வகையைக் கூறுவதில்லை. கிளையும் நட்பும் பகையும் அங்கே ஒன்றாகக் கலந்து வெறும் ஒப்புமை என்ற ஒரே சொல்லாகத் தட்டையாகிவிடுகின்றன. குரல் நரம்பை மாற்றிப் பார்க்கும் உரிமையும் கேட்பவன் கையில் இல்லை.

4

குரலை மாற்றினால் என்ன நிகழும் என்பதற்குத் தெற்காசிய இளைஞரின் பங்க் வரலாறு தக்க சான்றாகும். 1976ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேமிங்காம் மேடையொன்றில் எரிக் கிளப்ரன் குடியேறியோருக்கு எதிராகப் பேசியமை, 'இனவாதத்துக்கு எதிரான றொக்' என்னும் இயக்கம் தோன்றுவதற்கு உடனடிக் காரணமாயிற்று. 1978ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆந் திகதி இலண்டன் விக்ரோறியாப் பூங்காவில் அவ்வியக்கம் நடத்திய பெருவிழாவில் த கிளாஷ் குழுவினர் பாடினர். அதே ஆண்டு ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராயிருந்த மார்க்கிரற் தச்சர், அயற் பண்பாட்டினர் நாட்டை மூழ்கடித்துவிடுவரோ என்ற அச்சம் மக்களிடையே உண்டு என்னும் பொருள்படத் தொலைக்காட்சியிற் பேசியிருந்தார். அப்பேச்சையே எள்ளலாகத் திருப்பி, பாகிஸ்தானியப் பின்னணி கொண்ட மூன்று இளைஞரும் வெள்ளையர் ஒருவரும் 1979இல் ஏலியன் கல்ச்சர் என்னும் குழுவை அமைத்தனர். 1980இல் ஓர் இசைத்தட்டை வெளியிட்டு, 1981இல் அக்குழு கலைந்தது. ஒலியை மட்டும் நோக்கின் அது இலண்டனின் பல பங்க் குழுக்களுள் ஒன்று. பெற்றோரின் ஒழுங்குக்கும் தெருவின் இனவெறிக்கும் இடையே நின்ற குடியேறிகளின் பிள்ளைகளைக் குரலாகக் கொண்டு எண்ணினாலோ அது ஒரு தனி மரபின் தலைவாயில்.

அம்மரபு தொடர்ந்தது. 2005இல் அமெரிக்காவின் பொஸ்ரன் பகுதியில் த கொமீனாஸ் குழு தோன்றியது. மைக்கல் முகம்மது நைற் எழுதிய, கற்பனையான முஸ்லிம் பங்க் இளைஞரைப் பற்றிய நாவல் ஒன்றே அதற்குத் தூண்டுதலாயிற்று. இலக்கியம் முன்னே கற்பித்த குழுவை வாழ்க்கை பின்னே உண்டாக்கியது எனலாம். 2007இல் அவர்களும் அவர்களையொத்த வேறு சில குழுக்களும் ஒரு பழைய பள்ளிப் பேருந்திற் பயணஞ் செய்து பாடினர். அதே 2005இல், யாழ்ப்பாணத்திற் சிறுபராயத்தைக் கழித்து, போர் காரணமாக இலண்டனுக்கு அகதியாகச் சென்ற மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரிலே, தந்தையின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாக்கித் தன் முதல் தொகுப்பை வெளியிட்டார். 2007இல் வந்த அவரது புகழ்பெற்ற பாடல், குடியேறியோரின் துயரைப் பேசும் த கிளாஷ் குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துணுக்கின்மீது கட்டப்பட்டது. விக்ரோறியாப் பூங்காவில் நின்ற குழுவுக்கும் ஈழத்து அகதியின் மகளுக்கும் இடையே இவ்வாறு ஓர் உறவு ஏற்பட்டது. இதனை நட்பு என்னலாம். ஆள்வழித் தொடர்பின்றி, நிலைமையின் ஒருமையால் ஏற்பட்ட உறவு இது.

தமிழகத்தில் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'த காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்' குழுவையும் இங்கே கருதவேண்டும். திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், இசையமைப்பாளர் தென்மாவின் பொறுப்பில் அமைந்த இக்குழுவில் பறையும் கானாவும் மின்கித்தாரும் ஒருங்கிணைந்தன. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட சாதிபேதமற்றவர் என்னும் கருத்தே அதன் பெயராயிற்று.

5

இனி நமது கரைக்கு வருவோம். திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ பங்க் என்ற பெயர்ப்பலகையுடன் ஒரு குழுவைத் தேடுவது வினாவைத் தவறாக எழுப்புவதாகும். எம் கரையின் இசையுள் எது எதனோடு எவ்வகை உறவுடையது என்பதே உரிய வினா.

முதலிற் பொப் இசை. உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம், 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹாடி தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்ற காலத்திலேதான் கள்ளுக்கொட்டிலைப் பற்றிய பாடலுடன் தமிழ்ப் பொப் இசைக்கு வழிகோலினார். ஒரு கித்தார், பேச்சுத்தமிழ், நையாண்டி, பைலாத் தாளம் ஆகியவையே மூலதனம். இத்தாளமும் தனி வரலாறுடையது. மட்டக்களப்பின் போர்த்துக்கேயப் பறங்கியர் தம் திருமண வீடுகளில் வயலினும் மேளமும் கொண்டு பேணிவந்த கவ்றிஞ்ஞா ஆட்டத்துக்கும் பைலாவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. இசைப்பயிற்சி பெற்றோருக்கு மட்டுமே பாடும் உரிமை உண்டு என்ற கருத்தை உடைத்த வகையில், ஈழத்துப் பொப் இசை மான்செஸ்ரர் இளைஞருக்குப் பல்லாண்டு முந்தியே அவர்களின் வழியிற் சென்றது எனலாம். எனினும் வேறுபாட்டையும் கூறவேண்டும். பொப் இசை நகைத்தது; பங்க் மறுத்தது. நகைப்பு மறுப்பாக முதிரும் முன்னரே அது கொண்டாட்ட வீடுகளின் அலங்காரமாயிற்று.

அடுத்து வெளியீட்டு முறை. 1960களின் இறுதியிலும் 1970களிலும் கல்முனையில் எம். ஏ. நுஃமானும் அவரது நண்பர்களும் நடத்திய 'கவிஞன்' இதழும், வாசகர் சங்கம் வெளியிட்ட மஹாகவியின் 'கோடை' முதலிய நூல்களும் தலைநகரின் பதிப்பகங்களுக்குக் காத்திராத முயற்சிகள். டிஸ்கோர்ட் வெளியீட்டகத்துடன் ஒலியால் இவற்றுக்கு யாதொரு தொடர்புமில்லை. தம் ஊரின் ஆக்கத்தைத் தாமே பதிவுசெய்தல் என்னும் நெறியால் இரண்டும் இணை. அதே நுஃமான் 1981இற் பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழிற் கொணர்ந்தமை, கடல்கடந்த உறவினரைக் கேட்பவன் தானே கண்டடைந்தமைக்கு இக்கரை தந்த மிகச் சிறந்த சான்றாகும். எந்தப் பட்டியலும் அவ்வுறவை அவருக்குப் பரிந்துரைக்கவில்லை.

மூன்றாவது, கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழா. நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக நடைபெறும் இவ்விழாவில் பக்கீர்கள் தாயிரா என்னும் தோற்கருவியை முழக்கிப் பாடுவர். தாளம் ஏறஏறத் தன்னை மறக்கும் அந்நிலையையும், ஹாட்கோர் மேடையின் முன் மோதிநிற்கும் இளைஞரின் நிலையையும் ஒப்பிட எளிதில் மனம் விழையும். அவ்வொப்பீடு ஒலியளவிற் பொருந்தலாம், பொருளளவிற் பொருந்தாது. ஒன்று குருவழி ஒழுங்குக்கு உட்பட்ட வழிபாடு. மற்றையது குருவை மறுப்பது. ஒலியால் நட்பும் கருத்தாற் பகையும் ஒரே இடத்தில் நிலவக்கூடும் என்பதை இவ்வெடுத்துக்காட்டு உணர்த்துகின்றது.

இறுதியாகப் பறை. முற்போக்காளர் பலர் பறையை எதிர்ப்பின் இசையெனப் போற்றுகின்றனர். மேற்கூறிய சென்னைக் குழு போன்றவற்றில் அது உண்மையே. ஆனால் கீழ்க்கரையின் கோயிற் சடங்கிலும் சாவீட்டிலும் பறை முழக்கியோர் தம் விருப்பினால் மட்டும் முழக்கினாரல்லர். சாதி விதித்த கடமையாகவே அது அவர்கள் தோளில் ஏற்றப்பட்டது. அதனால் இளந்தலைமுறையினர் பலர் பறையைக் கீழே வைத்தனர். கருவி மறைகின்றதே எனக் கலைஞரும் ஆய்வாளரும் வருந்துவது இயல்பே. ஆயினும் பங்க் இசையின் கருவை ஒலியிற் காணாது மறுப்பிற் காண்போமாயின், பறையை மேடைக்காட்சியாக முழக்கும் கலைக்குழுவைவிட, தந்தையின் பறையைத் தொட மறுத்த மகனே அக்கருவுக்கு அண்மையில் நிற்கின்றான். அவனது மௌனம் எந்த இசைத்தட்டிலும் பதிவாகவில்லை. பதிவாகாத அம்மௌனத்தையும் இசை வரலாறு கணக்கிலெடுத்தல் வேண்டும். பறையின் அழகை மீட்க விரும்புவோரும், அதனை முழக்குவதா விடுவதா என்று தீர்மானிக்கும் உரிமை முதலில் அம்மக்களுக்கே உரியது என்பதை ஏற்ற பின்னரே அப்பணியைத் தொடங்கலாம்.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஓர் இசைக்குழுவின் உறவினரைத் தேடும் ஆய்வாளன் நான்கு வினாக்களை எழுப்பவேண்டியவனாகின்றான். இவ்விசையை ஆக்கும் சாதனங்கள் யாருக்குச் சொந்தம்? அதைக் கேட்க வரும் ஏழைக்கு வாயில் திறந்திருக்கின்றதா? அது எதை மறுக்கின்றது? எந்தக் குரலிலிருந்து நாம் எண்ணத் தொடங்குகின்றோம்? ஒலியின் ஒப்புமை இவற்றுக்குத் துணைநிற்கலாமேயன்றி இவற்றின் இடத்தைப் பெறலாகாது.

இவ்வினாக்களுக்கு விடைகாணச் சான்றுகள் வேண்டும். வுகாசியின் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளில் எண்ணூறுக்கும் அதிகமானவை ஒலிநாடாக்களிற் பேணப்பட்டன. 2011 முதல் டிஸ்கோர்ட் அவற்றைப் படிப்படியாகப் பொதுமக்களுக்கு வழங்கி வருகின்றது. நமது கரையின் நிலையோ வேறு. திருமண வீட்டிலும் கோயில் வீதியிலும் பாடசாலை மண்டபத்திலும் பாடிய குழுக்களின் ஒலிநாடாக்கள் வீட்டுப் பெட்டிகளிலேயே கிடந்தன. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் துயருற்றபோது வீடுகளோடு அவையும் அழிந்தன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை, அம்பாறை மாவட்டத்திற் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது எஞ்சியவற்றிற் பலவற்றையும் கடல் கொண்டது.

ஆதலின் தேடலைத் தொடங்கவேண்டிய இடம் தொலைபேசித் திரையன்று. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கின்றது. மட்டக்களப்பில் மற்றொன்று இருக்கின்றது. அவற்றின் மாணவர், தமிழரும் முஸ்லிம்களும், இருவர் இருவராகச் சேர்ந்து கல்முனையிலிருந்து திருக்கோவில் வரை வீடு வீடாகச் சென்று, எஞ்சிய ஒலிநாடாக்களையும் பாடியோரின் நினைவுகளையும் திரட்டுவாராயின், எது எதற்குக் கிளை, எது எதற்குப் பகை என்பது வெறும் ஊகமாக நில்லாது வரலாறாகும். பாடியோரில் முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அப்பணிக்கு உள்ள காலம் அவர்களின் ஆயுள் அளவினதே.